நான் இடித்த அடுக்களைச் சுவர்

பாங்காக்கில் இருபத்தெட்டு ஆண்டுகள் வீடுகளுக்கும் உணவகங்களுக்கும் உள்ளலங்காரம் வரைந்து கொடுத்துப் பிழைத்தவன் நான். அந்தத் தொழில் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வீட்டுக்குள் நுழைந்த ஐந்து நிமிஷத்தில் எந்தச் சுவர் வேண்டாதது என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் அது அடுக்களைச் சுவராக இருக்கும். அப்படி நான் எடுக்கச் சொன்ன சுவர்களில் இரண்டு என் மனைவிக்கு உரியவை. ஒன்று பாங்காக்கில், மற்றது ஸ்ரீரங்கத்தில். இரண்டு முறையும் நான் அவளைக் கேட்கவில்லை.

நாங்கள் ஸ்ரீரங்கத்து வைஷ்ணவக் குடும்பம். எங்கள் வீடுகளில் சமையலைத் தளிகை என்போம். அது முதலில் பெருமாளுக்கு. அவர் அமுது செய்யும்வரை யாரும் ருசி பார்ப்பதில்லை. சமைக்கிறவரைத் தவிர வேறு யார் கண்ணிலும் அது படக்கூடாது என்பதும் வழக்கம். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. வெளிநாட்டுக்குப் போனதும் நான் விட்டுவிட்டேன், அவளும் விட்டுவிட்டாள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

பாங்காக் போன ஒன்பதாம் ஆண்டு எட்டாவது மாடியில் ஒரு ஃப்ளாட் வாங்கினோம். முதல் வேலையாக அடுக்களைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்தேன். அந்த இடத்தில் தேக்குப் பலகையில் நீளமான மேடை, அதன் மேல் மூன்று பிரம்பு விளக்குகள், ஹால் பக்கம் உயரமான நாற்காலிகள். மூடிய அடுக்களை பெண்ணை வீட்டிலிருந்து பிரித்துவைக்கிறது என்று அப்போது நான் கூட்டங்களில் பேசுவேன். அந்தக் கருத்து முழுக்கத் தவறென்று இன்றும் நினைக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்ட பெண்களில் என் மனைவி ஒருத்தி மட்டும் இல்லை.

சனிக்கிழமைகளில் நண்பர்கள் வருவார்கள். மலேசியத் தமிழர் ஒருவர் குடும்பத்தோடு வருவார். என்னோடு வேலை செய்த ஜப்பானியக் கட்டடக்கலைஞர் வருவார். அடுத்த ஃப்ளாட்டில் தனியாக இருந்த தாய்லாந்துப் பள்ளி ஆசிரியை வருவார். இவர் என் மனைவியை அக்கா என்றே அழைப்பார். எல்லாரும் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டு, என் மனைவி அடை வார்ப்பதையும் அவியலுக்குத் தேங்காயெண்ணெய் விடுவதையும் வேடிக்கை பார்ப்பார்கள். கைபேசியில் படம் எடுப்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது. ஒருமுறை ஒரு வடிவமைப்புப் பத்திரிகையிலிருந்து வந்து படம் எடுத்தார்கள். அவள் தள்ளி நின்றாள். நான்தான் அவளை இழுத்து வந்து கரண்டியோடு நிற்க வைத்தேன். பத்திரிகையில் அவள் கை மட்டும் விழுந்திருந்தது. அவள் நகர்ந்துவிட்டாள் என்று புகைப்படக்காரர்மேல் கோபித்துக்கொண்டேன்.

அங்கே குடிவந்த சில மாதங்களில் அவள் பின்பக்கப் பால்கனியில் சின்ன மின்அடுப்பு ஒன்றை வைத்துக்கொண்டாள். அந்த ஊரில் பலரும் பால்கனியில்தான் சமைப்பார்கள். எதற்கு என்று கேட்டேன். வறுக்கிற வாடை ஹாலுக்கு வராமல் இருக்கும் என்றாள். அழகுணர்ச்சி அவளுக்கும் வந்துவிட்டது என்று மகிழ்ந்துபோனேன். அந்தக் கேள்வியோடு நிறுத்திக்கொண்டேன்.

ஓய்வு பெற்றுத் திரும்பியபோது மன்னார்புரத்தில் ஒரு வாடகை ஃப்ளாட்டில் தங்கினோம். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் அவள் அப்பாவின் வீடு அவளுக்கு வந்திருந்தது. மராமத்து முடிந்ததும் அங்கே குடிபோவதாக ஏற்பாடு. அந்த வீட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவள் முகத்தில் ஒரு தெளிவு வரும். பாங்காக்கில் அவளிடம் நான் பார்க்காத தெளிவு. கடைசிக் காலத்தில் அவள் போய்ச் சேர விரும்பிய இடம் அது ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

நீளமான, ஒடுங்கிய வீடு. அடுக்களை பின்கட்டில், ஒற்றைக் கதவோடு, இருட்டாக இருந்தது. அவள் ஒரு கல்யாணத்துக்காக ஒரு வாரம் சென்னை போயிருந்தபோது உப்பிலியபுரத்துக்காரரான மேஸ்திரியை வைத்து அந்தச் சுவரை இடித்தேன். அவர் கடப்பாரையை எடுப்பதற்கு முன் ஒரு தடவை கேட்டார். “அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா சார்?” அவளுக்கு இது ஆச்சரியமாக இருக்கட்டும் என்றேன்.

ஆச்சரியமாகத்தான் இருந்தது. சென்னையிலிருந்து வந்த மறுநாள் அவளை அழைத்துப் போனேன். வாசலிலிருந்து பார்த்தால் பின்கட்டுவரை வெளிச்சம். அவள் இடிபாட்டின் முன்னால் நின்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

“வாசல்ல போறவா வரவா எல்லாரும் பாக்கறாப்ல அடுப்பு வெக்கறதுக்கு, இது என்ன பரோட்டாக் கடையா?” என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மன்னார்புரத்திலேயே இருந்துவிடலாம், இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிடுங்கோ என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். அதன் பிறகு அந்தத் தெருப்பக்கமே வரவில்லை. கோயிலுக்குப் போனால்கூட தெற்கு வாசல் வழியாகப் போய் அப்படியே திரும்பிவிடுவாள். பிடிவாதம், நாளானால் சரியாகிவிடும் என்று மேஸ்திரியிடம் சொல்லிக் கிரானைட் பலகைக்கு அளவு எடுக்கச் சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் பாங்காக் ஆசிரியை பத்து நாள் எங்களோடு தங்க வந்தார். ஓய்வு பெற்றிருந்தார். என் மனைவி அவருக்குப் பொங்கலும் கொத்சுவும் செய்து போட்டாள். இருவரும் மார்க்கெட்டுக்குப் போய்த் தொட்டியத்து வாழைப்பழத்தைத் தார் கணக்கில் வாங்கி வந்து, யார் தின்பது என்று சிரித்துக்கொண்டார்கள். ஒருநாள் காலை நான் அவரை மட்டும் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு அழைத்துப்போனேன். நான் செய்வதைப் பாராட்ட யாராவது வேண்டியிருந்தது.

அவர் எல்லாவற்றையும் மரியாதையோடு பார்த்தார். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு தாய்லாந்து மொழியும் ஆங்கிலமும் கலந்த எங்கள் பேச்சில் ஒரு கேள்வி கேட்டார். அக்கா காலையில் சாமிக்கு எங்கே சமைப்பார்?

இங்கேதான் என்று மேடை வரப்போகும் இடத்தைக் காட்டினேன். அவர் அந்த இடத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

“இங்கே பால்கனி இல்லையே” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவருக்கோ எனக்குப் புரியாததுதான் புரியவில்லை. நான் அறிந்த விஷயம் என்று நினைத்தே விவரமாகச் சொன்னார். எங்கள் பால்கனியும் அவர் பால்கனியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தினமும் விடியும் முன் என் மனைவி குளித்துவிட்டு, துணிக் கொடியில் நீலக் கட்டம் போட்ட படுக்கை விரிப்பு ஒன்றைத் திரையாகக் கட்டி, அதன் மறைவில் அந்தச் சின்ன அடுப்பில் சாதம் வடிப்பாள். கொஞ்சம் பருப்பு, சில நாள் திருக்கண்ணமுது என்று நாங்கள் சொல்லும் பாயசம். பிறகு உள்ளே ஒரு மணிச் சத்தம் கேட்கும். நான் எட்டு மணிவரை கதவைச் சாத்திக்கொண்டு ஏசியில் தூங்குகிறவன்.

முதல் வாரமே தனக்கு விஷயம் புரிந்துவிட்டது என்றார் ஆசிரியை. அவர் வீட்டிலும் காலையில் பிக்குகளுக்கு எடுத்துவைத்த பிறகுதான் சாப்பாடு. அதனால் அந்த மணிச் சத்தம் கேட்கும்வரை தன் பால்கனிக் கதவைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டாராம். துணி உலர்த்த வேண்டியிருந்தாலும் காத்திருப்பார். இருவரும் இதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. பத்தொன்பது ஆண்டுகள்.

மன்னார்புரத்துக்குப் பஸ்ஸில் திரும்பினோம். காவிரிப் பாலத்தில் பஸ் நின்று நின்று போனது. ஆசிரியை ஜன்னல் வழியாக மணலைப் பார்த்துக்கொண்டு வந்தார். தான் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோமோ என்று அவருக்குத் தோன்றியிருக்கும். இறங்கும்போது மன்னிப்புக் கேட்டார். கேட்க வேண்டியவர் அவர் இல்லை என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆசிரியை தன் அறைக்குப் போய்விட்டார். நான் எதிரில் உட்கார்ந்து, பால்கனி விஷயம் தெரிந்துவிட்டது என்றேன். அவள் கை நிற்கவில்லை.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னேனே. பாங்காக் ஆத்துக்கு நீங்க மொதமொதல்ல டிராயிங் போட்டப்போ, தளிகை உள்ளுக்கு ஒரு கதவு வேணும்னு கேட்டேன். கதவு போட்டா வெளிச்சம் போயிடும்னேள்.”

அந்த வாக்கியம் எனக்கு நினைவிருந்தது. பல வீட்டுப் பெண்களிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். அழகான வாக்கியம். அதற்குமேல் யாரும் பேசமாட்டார்கள்.

“திரும்பக் கேட்டிருக்கலாமே.”

“ஒரு கதவை எத்தனை தடவை கேக்கறது?” என்றாள். கீரைத் தண்டை ஒடித்துத் தட்டில் போட்டாள். “அங்க பால்கனி இருந்தது, சமாளிச்சேன். அது அடுத்தவா ஊர். இது எங்கப்பா ஆம். இங்கயும் படுக்கை விரிப்பைக் கட்டிண்டு நிக்கணும்னா, எனக்கு அந்த ஆமே வேண்டாம்.”

தப்புத்தான் என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். ஆனால் சொல்லி முடிப்பதற்குள்ளேயே, கண்ணாடித் தடுப்பு வைத்தால் வெளிச்சமும் வரும், மறைவும் இருக்கும் என்று என் மனம் ஒரு படம் போட்டுவிட்டது. அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன். அவள் கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். எழுபத்திரண்டு வயதில் என்னைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் இது மிக மோசமானது: மன்னிப்புக் கேட்கும்போதுகூட நான் வரைந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் மேஸ்திரியிடம் போய், சுவரைத் திரும்பக் கட்டுங்கள் என்றேன்.

“செவுத்து மேல இருந்த கோவம் தீந்துருச்சா சார்?” என்றார் அவர். பிறகு, எங்கே கதவு, எவ்வளவு அகலம், மேலே ஜன்னல் வேண்டுமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஒன்றையும் சொல்லாமல், அம்மாவை அழைத்து வருகிறேன், அவங்க சொல்றபடி செய்யுங்க என்றேன்.

அவளை வரவழைக்க நான்கு நாள் ஆனது. நான் கெஞ்சியதற்கு வரவில்லை. ஊருக்குக் கிளம்பும் முன் ஆசிரியை கேட்டுக்கொண்டதற்காக வந்தாள். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். பின்கட்டில் அவளும் மேஸ்திரியும் பேசுவது கேட்டது. அடுப்பு கிழக்குப் பார்க்க வேண்டும், புகை போக மேலே ஒரு சாளரம் போதும், கதவு கனமான பலகையாக இருக்கட்டும் என்றாள். மேஸ்திரி தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

“உள்பக்கம்.”

“அடுப்படிக்கு உள்தாழ்ப்பாளா?” என்று அவர் இழுத்தார்.

“ஆமாம். உள்பக்கம் மட்டும்தான்.”

அப்படியே போட்டார். அங்கே குடிவந்து ஏழு மாதமாகிறது. காலையில் அவள் உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்கிறாள். இந்தப் பக்கம் ஹாலில் நான் நாளிதழோடு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே வெளிச்சம் எப்படி விழுகிறது, பாத்திரங்களை எங்கே அடுக்கியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. பார்க்க ஆசை இருக்கிறது. போன வாரம் கேட்டும் பார்த்தேன்.

“குளிச்சுட்டு வந்தா வரலாம்” என்றாள். கொஞ்சம் யோசித்து, “இப்ப வேண்டாம். நானே கூப்பிடறேன்” என்றாள்.

இன்னும் கூப்பிடவில்லை.