முன்னுரையில் ஒரு வரி

அந்தப் பதிப்பகத்தில் கணிதப் புத்தகம் எது வந்தாலும் கணினியில் அடிப்பது அக்காதான். பதினாறு வருஷமாக எல்லோருக்கும் அவள் அக்கா, மேலாளருக்கும்கூட. கல்லூரியில் கணிதம் இரண்டாம் ஆண்டோடு நின்றுபோனவள். விரல் ஓட ஓட, மனசும் கூடவே கணக்குப் போட்டுக்கொண்டு வரும்.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு பேராசிரியர் உகப்பாக்க வழிமுறைகளுக்கு அறிமுகப் பாடப்புத்தகம் எழுதினார். செலவோ தூரமோ, படிப்படியாகக் குறைத்து மிகக் குறைந்த அளவைப் பிடிப்பது எப்படி என்று சொல்லும் புத்தகம். மூன்றாம் அத்தியாயத்தின் முதல் சூத்திரத்தில் கழித்தல் வரவேண்டிய இடத்தில் கூட்டல். அக்கா ஒரு தாளில் எண்களைப் போட்டுப் பார்த்தாள். இறங்க வேண்டியது விறுவிறுவென்று ஏறிக்கொண்டே போனது. மேலாளரிடம் ஓடினாள்.

"பேராசிரியருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு? உள்ளதை அப்படியே அடிங்கக்கா."

அடித்தாள். போன வருஷம் அவள் தங்கை மகள் தேர்வில் அதே சூத்திரத்தைக் கழித்தல் போட்டுச் சரியாக எழுதினாள். புத்தகத்தில் கூட்டல்தானே இருக்கிறது என்று சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். "எனக்குத்தான் புரியல போல, பெரியம்மா" என்று அழுதாள் அந்தப் பெண்.

இப்போது இரண்டாம் பதிப்பு. சூத்திரம் சரியாகியிருந்தது. அப்பாடா என்று முன்னுரையை எடுத்தாள். 'முதல் பதிப்பில் தட்டச்சுப் பணியாளரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை திருத்தப்பட்டுள்ளது.'

அவளுடைய கவனக்குறைவாம்! அதையும் அவள் கையாலேயே அடிக்க வேண்டுமாம்! அலமாரியில் இருந்த பேராசிரியரின் பழைய கையெழுத்துப் பிரதியை எடுத்து, கூட்டல் இருந்த பக்கத்தைப் பிரித்து மேலாளர் மேசையில் பொத்தென்று போட்டாள்.

"இது யார் கையெழுத்து சார்?"

"விடுங்கக்கா, ஒரு வரிதானே. முன்னுரையை யாரு படிக்கிறாங்க?"

"நான் படிச்சேனே. இதை அடிக்க மாட்டேன். வேற ஆளை வச்சு அடிச்சீங்கன்னா, இந்தப் பக்கத்தை நகலெடுத்து எல்லாக் கல்லூரிக்கும் அனுப்புவேன்."

மேலாளர் பேராசிரியரைத் தொலைபேசியில் பிடித்து, அவளும் கேட்கும்படி வைத்தார்.

"அடிக்கிற அம்மாவுக்கு இவ்வளவு ரோஷமா?" என்றது அந்தக் குரல்.

"வராம என்ன சார் செய்யும்? கூட்டல் போட்டது உங்க பேனா. மார்க் போனது எங்க வீட்டுப் பொண்ணுக்கு."

மறுநாள் வேறு வரி வந்தது: 'முதல் பதிப்பில் என் கையெழுத்துப் பிரதியால் நேர்ந்த பிழை திருத்தப்பட்டுள்ளது.' நன்றி, மன்னிப்பு என்று ஒரு சொல் கிடையாது. அடித்து முடித்தாள்.

புத்தகம் வந்ததும் அரைநாள் விடுப்பு எடுத்து, தங்கை மகளின் கல்லூரிக்கு அதைக் கொண்டுபோனாள். தேர்வுப் பிரிவு அதிகாரி முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பெண்ணின் மதிப்பெண்ணைத் திருத்தினார்.

"சரி சார், இதே மாதிரி கழித்தல் போட்ட மத்த பிள்ளைங்க?"

"அவங்க யாரும் கேக்கலையேம்மா."

எழுந்தவள் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் கேக்குறேன். ஒவ்வொரு பேப்பரா எடுங்க."