பிஸ்கட் கம்பெனி வாசலில் வளையல் கழற்றிய நாள்

என் வீட்டுக்காரர் இறந்து ஏழு மாதம் ஆகிறது. நானும் மகளும் திருவள்ளூர் மணவாள நகரில் வாடகைக்கு இருக்கிறோம். இந்த மாதம் வேலை கிடைக்காவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு, பொதட்டூர்பேட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். மகளுக்குப் பள்ளிக்கூடமும் மாறும். கும்மிடிப்பூண்டியில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் பெண்களை எடுக்கிறார்கள், எட்டாவது படித்திருந்தால் போதும் என்றார்கள். நான் எட்டாவதுதான். போன செவ்வாய்க்கிழமை கிளம்பினேன்.

திருவள்ளூரில் காலை 5.20க்கு மின்சார ரயில். டிக்கெட் இருபது ரூபாய். கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஒரே டிக்கெட்டாகக் கேட்டு வாங்குங்கள். பேசின் பிரிட்ஜில் மாற வேண்டும். அங்கேதான் தப்பு செய்தேன். இத்தனை வருஷமும் அவர் பின்னாலேயே நடந்து பழக்கம். தப்பான நடைமேடையில் நின்றுகொண்டு, என் ரயில் எதிர்ப்பக்கம் போவதைப் பார்த்தேன். அடுத்த ரயில் பிடித்து இறங்கும்போது மணி 8.40.

அங்கிருந்து ஷேர் ஆட்டோ. மூன்று கிலோமீட்டர், இருபது ரூபாய்.

"கம்பெனி வேலைக்கா அக்கா? ஆறு மணிக்கே கும்பல் நிக்குது. நீ இப்பதான் ஆடி அசைஞ்சிக்கினு வர்ற" என்றார் ஓட்டுநர்.

சொன்ன மாதிரியே, வரிசையில் நான் முப்பத்தொன்றாவது ஆள். முதலில் இருபது பேரைத்தான் உள்ளே விடுவார்களாம். வாசலில் காவலுக்கு இருந்த பெண் சத்தம் போட்டார்.

"பூ, பொட்டு, தோடு, வளையல் எல்லாத்தியும் கழட்டுங்க. மாவுல வுழுந்தா யாரு பதில் சொல்றது? தாலிய ஜாக்கெட்டுக்குள்ள வுட்டுக்கோங்க."

எல்லோரும் திருகாணியோடு மல்லுக்கட்டினார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"உனுக்குக் கழட்ட ஒண்ணும் இல்லியாக்கா? அப்ப முன்னால வா. நீதான் மொத ஆளு."

ஏழு மாதமாக எந்த விசேஷத்திலும் என்னைப் பின்னால்தான் நிற்கச் சொன்னார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். பிறகு போனேன்.

உள்ளே ஒரு நிமிடத்தில் இருபத்துநாலு பாக்கெட்டுகளைப் பெட்டியில் அடுக்கச் சொன்னார்கள். அடுக்கினேன். திங்கள்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்தால், டீக்கடைக் குழாயடியில் ஒரு பெண் வளையலோடு போராடிக்கொண்டிருந்தாள். காலையில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள். பெயர் தேவி, கல்யாணமாகி மூன்று மாதம்.

"குடுத்து வச்சவக்கா நீ. கழட்ட ஒண்ணுமில்ல, ஸ்ட்ரெயிட்டா உள்ள பூந்துட்ட."

"என் ஊட்டுக்காரர் செத்துட்டாரும்மா" என்றேன். வெளி ஆளிடம் அழாமல் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் என் வெறும் கையைப் பார்த்தாள். பிறகு தன் கையை நீட்டினாள். "ஒரு மணிக்கு இன்னொரு செட்டு எடுக்கறாங்களாம். இத்த கொஞ்சம் இழுத்து வுடுக்கா."

"நான் கழட்டக் கூடாதும்மா. உன் மாமியாருக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும்."

"அது ஆர்.கே.பேட்டையில கீது. உடையாம கழட்டத் தெரியுமா, தெரியாதா? அத்த சொல்லு."

என்னுடையதைக் கழற்றவில்லை, உடைத்தார்கள். ஒரு ரூபாய் ஷாம்பு வாங்கி, அவள் கட்டைவிரலை மடக்கிப் பிடித்து, ஒவ்வொன்றாக உருவினேன். பதினாறும் முழுசாக வந்தன. துணியில் சுற்றிக் கொடுத்தேன். மத்தியானம் அவளையும் எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்காரம்மாவிடம் காலி செய்யவில்லை என்று சொல்லிவிட்டேன்.

போகிறவர்கள் ஆதார், மார்க் ஷீட் ஜெராக்ஸ், இரண்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கே வரிசை சேர்ந்துவிடுகிறது, 5.20க்குக் காத்திருக்காமல் அதற்கு முந்தைய முதல் ரயிலையே பிடியுங்கள். பேசின் பிரிட்ஜில் இரண்டு பேரிடமாவது கேளுங்கள். தனியாகப் போகப் பயமாக இருக்கும். எனக்கு இப்போதும் இருக்கிறது. பயத்தோடு போய் நின்றாலும் கவுண்டரில் டிக்கெட் கொடுக்கத்தான் செய்கிறார்கள்.