பயத்தில் ஊதிய நாகஸ்வரம்

நாகஸ்வரக்காரனுக்கு மூச்சுதான் முதல். பயம் வந்தால் முதலில் போவதும் அதுதான். மலாயாவின் ஜொகூர் ரப்பர்த் தோட்டங்களில் மேளம் வாசித்துப் பிழைத்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தவில்கார கோவிந்தனும் நானும் கல்யாணம், திருவிழா என்று தோட்டம் தோட்டமாக அலைந்த காலம் அது.

மாப்பிள்ளை ஊர்வலம்

பாலோ பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை ஒரு தோட்டம், பெண் அடுத்த தோட்டம், நடுவில் காட்டுப் பாதை. வெயில் இருக்கும்போதே கிளம்பினோம். மேளம் முன்னால், மாப்பிள்ளை பின்னால். ஒரு வளைவில் திரும்பினால் பாதை நடுவில் புலி படுத்திருக்கிறது. எங்களைப் பார்த்துத் தலையைத் தூக்கியது, எழுந்திருக்கவில்லை.

கோவிந்தன் கை நின்றுவிட்டது. நான் ஊதிக்கொண்டே இருந்தேன். தைரியம் என்று நினைக்காதீர்கள், வாயிலிருந்து எடுக்கக் கை வரவில்லை. என்ன ராகம் என்றும் கேட்காதீர்கள். கடைசியில் புலி எழுந்து, சோம்பல் முறித்து, ஆளுயர லாலான் புல்லுக்குள் இறங்கிப் போனது. திரும்பிப் பார்த்தால் ஊர்வலம் வெகுதூரம் பின்னால் நிற்கிறது. கூட்டத்தை அழைத்து வந்த கங்காணி அங்கிருந்தே கத்திச் சொன்னார்: "நிறுத்திடாதீங்க மேளக்காரரே. புல்லு இன்னும் ஆடுது."

மூவார் ஆற்றில்

அக்கரைக் கோயில் திருவிழாவுக்குச் சம்பான் படகில் போனோம். ஆற்று முகத்துவாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சம்பானின் முனைகூடத் தெரியவில்லை. எங்கேயோ ஒரு கப்பலின் இயந்திரச் சத்தம் நெருங்கி வந்தது. எந்தப் பக்கம் என்று புரியவில்லை. எங்கள் இருவருக்கும் நீச்சல் தெரியாது. கோவிந்தன் தவிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இது மிதக்குமா என்று என்னிடம் கேட்டான்.

படகோட்டி வயதான மலாய்க்காரர். என் நாகஸ்வரத்தைக் காட்டி ஊதச் சொன்னார். ஊதுகிற சீவாளியை முனையில் பொருத்தி, நெஞ்சில் இருந்த அத்தனை காற்றையும் ஒரே சுரமாக விட்டேன். கப்பல் பதிலுக்குக் கூவியது. அடுத்த கணம் கறுப்புச் சுவர் மாதிரி எங்களை உரசாத குறையாகக் கடந்து போனது. படகோட்டி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, மலாயும் தனக்குத் தெரிந்த தமிழும் கலந்து சொன்னார்: "அலமாக், அவன் நம்மளையும் கப்பல்னு நினைச்சிட்டான் லா."

உதட்டில் ரத்தம்

பொந்தியான் பக்கத்துத் தோட்டத்தில் வாசிக்கும்போது உதட்டில் உப்புக் கரித்தது. துடைத்தால் ரத்தம். மறுநாளும் அப்படியே. சும்மா இருந்தால் ஒன்றுமில்லை, ஊதினால் வருகிறது. சயரோகம் என்று முடிவு கட்டிவிட்டேன். தோட்டத்து லயத்து வீடுகளில் அந்த நோய் வந்தவர்கள் போன விதத்தைப் பார்த்தவன் நான். எனக்குப் பிறகு நாகஸ்வரத்தை யாரிடம் கொடுப்பது என்றுகூட கோவிந்தனிடம் சொல்லி வைத்தேன். அவன் அழுதான். பிறகு என்னைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான்.

அங்கே வைத்தியம் பார்த்த டிரெஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர். நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். மூக்குக்குள் வெளிச்சம் காட்டிப் பார்த்தார். அப்புறம் ஒரு கிண்ணம் தண்ணீரை என் முகத்தடியில் வைத்து, குனிந்தபடி அசையாமல் இருக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் மூக்குக்குள் ஏதோ நகர்ந்தது. அவர் இடுக்கியால் பிடித்து மெல்ல இழுத்தார். தண்ணீரைத் தேடி இறங்கிய அட்டை ஒன்று நீளமாக வந்தது. ஓடைத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தபோது உள்ளே போயிருக்கிறது. அதை ஒரு சீசாவில் போட்டு என் முன்னால் வைத்து டிரெஸ்ஸர் சொன்னார்: "இவ்வளவு நாளும் உம்மோட சேர்ந்து வாசிச்ச ஆள் இவர்தான், பாரும்."

இந்தத் தொழிலில் எது கஷ்டம் என்று கேட்கிறவர்களிடம், மேளக்காரனுக்குக் கடைசிப் பந்தியில்தான் சோறு என்று மட்டும் சொல்லிவிடுகிறேன், மற்றதை யாரும் நம்புவதில்லை.