பசுவின் பங்கு

மாமாவின் இடது கால் செருப்பு சாலைக் கடைவீதியில் கழன்று விழுந்தது. விழுந்தது மாமாவுக்குத் தெரியவில்லை. ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறும் பாதமுமாக எங்கள் வீட்டு வாசல் வரை நடந்து வந்துவிட்டார். அவருடைய குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்த நான்தான் செருப்பைப் பொறுக்கி எடுத்து வந்தேன். அதை நீட்டியபோது மாமா முதலில் செருப்பைப் பார்த்தார். பிறகு தன் காலைக் குனிந்து பார்த்தார். அது யாரோ ஒருவருடைய கால் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

எனக்கு அப்போது எட்டு வயது. உலகச் சண்டையால் ரங்கூன் அரிசி வருவது நின்றுபோவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்திய காலம் அது. நாங்கள் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் குடியேறியவர்கள். அப்பா அந்தச் சாலைக் கடைவீதியில் ஓர் அரிசி மண்டியில் இருந்தார். மண்டிக்குப் பின்னால் இருந்த சந்தில் வீடு, வீட்டுக்குப் பின்னால் தொழுவம், அதில் ஒரு சிவப்புப் பசு. அம்மாவுக்கு ஒரே ஒரு தம்பி. அவர் போனக்காட்டுப் பக்கம் மலையில் ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். விடிந்ததும் தொழிலாளிகளை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, மலையில் ஏற்றிவிடுவது அவர் வேலை. முழங்கால் வரை காலுறையும் கையில் ஒரு பிரம்பும் கனத்த மீசையுமாக அவர் வருஷத்துக்கு ஒருமுறை வந்து நிற்கும்போது எங்கள் சந்தே கொஞ்சம் சுருங்கிப்போகும். அப்படிப்பட்டவர் இந்த முறை பிரம்பை ஊன்றிக்கொண்டு வந்திருந்தார்.

காலில் உணர்ச்சி இல்லை, நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று லீவு வாங்கிக்கொண்டு இறங்கியிருந்தார். அன்றைக்குச் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கச் சொன்னார். அமுக்கினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. பிசைந்த மாவில் விரல் வைத்ததுபோல. எனக்குப் பயத்தைவிடப் பிரமிப்புதான் அதிகம். மனிதன் உடம்பு இப்படியும் ஆகுமா என்று மறுபடியும் அமுக்கினேன். குழி தூர்ந்து வரும் வரைக்கும் எண்ணினேன். எனக்குத் தெரிந்த எண்ணெல்லாம் தீர்ந்துபோயிற்று.

அம்மா ஒன்றும் பெரிதாக நினைக்கவில்லை. மலையில் கண்டதையும் தின்று வந்திருக்கிறான், இங்கே இருந்து நல்ல சோறு தின்றால் கால் தன்னால் நேராகும் என்றாள். நல்ல சோறு என்றால் என்ன என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. எங்களுக்கெல்லாம் உரலில் குத்திய சிவப்பரிசி. அது வயிற்றுக்கு. விருந்தாளிக்கு வெள்ளை அரிசி. அது மரியாதைக்கு. மண்டிக்கு வருவதிலேயே வெளுத்த, மெஷினில் தீட்டிய ரங்கூன் அரிசியை அப்பா மைத்துனருக்கென்று தனியாக எடுத்து வந்தார். மல்லிகைப் பூ மாதிரி இருந்தது அது.

அந்த அரிசியை அம்மா களைவதை வேடிக்கை பார்க்கலாம். ஏழு தண்ணீர் விடுவாள். முதல் தண்ணீர் பால்போல வரும். ஏழாவது தண்ணீரில் அடியில் கிடக்கும் அரிசியை எண்ணிவிடலாம். அப்படித் தெளிந்தால்தான் அவளுக்குத் திருப்தி. களைந்த தண்ணீரெல்லாம் பசுவின் தொட்டிக்குப் போகும். சோறு வெந்ததும் கஞ்சியை ஒரு சொட்டு விடாமல் வடிப்பாள். அதுவும் தொட்டிக்குப் போகும். எங்கள் சிவப்பரிசியைக் குத்தும்போது விழுகிற தவிடும் தொட்டிக்கு. பசுவுக்குத் தவிடு கலந்து வைப்பது என்னுடைய வேலை.

இப்படிப் பதினைந்து நாள் உபசாரம் நடந்தது. மாமாவின் வீக்கம் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறிற்று. அதற்கப்புறம்தான் அப்பா வில்வண்டி பிடித்து அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அம்மாவும் வந்தாள். செருப்பு விழுந்தால் பார்த்து எடுப்பதற்கு நானும் போனேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு மலையாளத்து டாக்டரம்மா. பெண்கள் டாக்டராக இருப்பார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மாமாவின் முழங்காலுக்குக் கீழே ஒரு சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் ஆடவில்லை. என்னை உட்காரவைத்து அதே இடத்தில் தட்டினார். என் கால் என்னைக் கேட்காமல் துள்ளியது. நான் அரண்டுபோனேன். டாக்டரம்மா சிரித்துவிட்டு, வாயில் நுழையாத ஒரு வியாதிப் பெயரை அப்பாவிடம் சொன்னார். அதன் பிறகு அவர் காலைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் பக்கம் திரும்பிச் சமையலைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். என்ன அரிசி, எத்தனை தண்ணீர் விட்டுக் களைகிறீர்கள் என்றெல்லாம். அம்மா பெருமையாகவே பதில் சொன்னாள். களைந்த தண்ணீரை என்ன செய்கிறீர்கள் என்று டாக்டரம்மா தன் மலையாளத்திலேயே அடுத்துக் கேட்டார்.

"அரி கழுகின வெள்ளம் எந்து செய்யும்?"

"பசுவுக்கு ஊத்துவோம்."

"கஞ்சிவெள்ளமோ?"

"அதும் பசுவுக்குத்தான்."

"தவிடு?"

"பசுவுக்கு."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "பசுவுக்கு சுகம்தன்னே?" என்று கேட்டார்.

அம்மாவுக்கு அதிலிருந்த குத்தல் புரியவில்லை. மூன்று படி கறக்கிறது, உடம்பு மினுங்குகிறது என்று சொன்னாள்.

மருந்துப் புட்டி ஒன்றும் தரவில்லை. வெளுத்த அரிசி வேண்டாம், குத்தரிசி போதும், அதிகம் களையாதீர்கள், கஞ்சியை வடிக்காதீர்கள், பயறும் முருங்கைக்கீரையும் நிறையச் சேருங்கள், தினம் இரண்டு பிடி தவிடு தின்னட்டும் என்றார். இப்படியே விட்டால் கால் மட்டுமல்ல, நெஞ்சும் நின்றுபோகும் என்று அப்பாவிடம் தனியாகச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பொங்கிவிட்டாள். "எனக்கக் கூடப்பொறந்தவனுக்கு மாட்டுத் தீனியா? ஊருல நாலு பேரு கேட்டா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?" என்றாள். அப்பாவுக்கு வேறு கவலை. அரிசி மண்டியில் இருக்கிறவன் மைத்துனனுக்குத் தவிடு போடுகிறான் என்று வெளியே தெரிந்தால் கடைவீதியில் தலை காட்ட முடியாது என்றார். டாக்டரம்மாவுக்கு நம் பக்கத்து முறைகள் தெரியாது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். அன்றைக்கு அம்மா வெள்ளைச் சோற்றில் இன்னொரு கரண்டி நெய் கூடுதலாக விட்டாள். அரிசிக்கு எட்டாவது தண்ணீரும் விட்டாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மாமா சாப்பிட உட்கார்ந்தார். அக்கா போட்டதைத் தின்றார். அந்த வாரத்தில் அவரால் சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியாமல் போயிற்று. நாலடி நடந்தால் மீன் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். ஒரு மத்தியானம், அம்மா கண்ணயர்ந்த நேரம், என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மருமவனே, டாக்டரம்மா சொன்னத நீயும் கேட்டேல்லா?"

கேட்டேன் என்று தலையாட்டினேன்.

"பசுவுக்குத் தவிடு வைக்கது ஆரு?"

"நான்தான் மாமா."

"அப்பம் எனக்கும் நீயே வச்சிரு. அக்காளுக்குத் தெரியாண்டாம்."

தொழுவம் வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். தவிட்டுப் பானையிலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையில் அள்ளிக் கொடுத்தேன். வாயில் போட்டதும் புரையேறிக் கண்ணீர் வந்துவிட்டது. பசு தன் தீனியை இன்னொருவர் தின்பதைத் தலையைத் தூக்கிப் பார்த்தது. மறுநாள் நான் கருப்பட்டித் துண்டு ஒன்றைத் திருடிக்கொண்டு போய்த் தவிட்டில் பொடித்துப் போட்டேன். அன்றிலிருந்து சுலபமாக இறங்கியது. இருநூறு பேரை ஒரு குரலில் மலையேற்றுகிறவர், வைக்கோலில் உட்கார்ந்து சிரட்டையை ஏந்திக்கொண்டு, நான் போட்டதைத் தின்றார். தின்று முடித்ததும் நான் அவர் காலை அமுக்கி எண்ணுவேன். முதலில் எண்ணெல்லாம் தீர்ந்தது. ஒரு வாரம் கழித்து அறுபதில் குழி தூர்ந்தது. பிறகு நாற்பதில். நான் எண்ணுவதில் பிசகிவிட்டேனோ என்று திரும்ப எண்ணினேன். நாற்பதுதான்.

பசு மட்டும் இந்த ஏற்பாட்டை ஒப்புக்கொள்ளவில்லை. தன் பங்கு குறைந்ததை ஊருக்கெல்லாம் கத்திச் சொல்லியது. பாலும் குறைந்தது. என்ன ஆயிற்று என்று பார்க்க அம்மா ஒருநாள் தொழுவத்துக்கு வந்தாள். நாங்கள் இருவரும் சிரட்டையும் கையுமாக இருந்தோம். மாமாவின் மீசை முழுக்கத் தவிடு.

அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். எனக்கு அடி விழப்போகிறது என்று நான் பசுவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மாமா மீசையைத் துடைத்தார். அது இன்னும் அப்பிக்கொண்டது. பிறகு காலை முன்னால் நீட்டிக் காட்டினார். கணுக்கால் எலும்பு மறுபடியும் தெரிந்தது. அம்மா குனிந்து அந்த எலும்பைத் தொட்டுப் பார்த்தாள். வெகுநேரம் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

"இத்தன நாளும் நான் பசுவயல்லா தம்பியா வச்சு ஊட்டியிருக்கேன்" என்றாள்.

அவ்வளவுதான். திட்டவில்லை, அழவும் இல்லை. உள்ளே போய், மீந்திருந்த வெள்ளை அரிசியை அப்பா மண்டிக்கே திருப்பி எடுத்துப்போகும்படி வாசலில் கொண்டுவந்து வைத்தாள். அன்று முதல் மாமாவுக்கும் எங்களுடைய சிவப்பரிசிதான். ஒரே தண்ணீர். கஞ்சியோடு பயறும் சேர்த்துக் குழைய வைத்தாள். தவிட்டை மெல்லிய துணியில் சலித்து, மணம் வர வறுத்து, தேங்காயும் கருப்பட்டியும் போட்டு உருண்டை பிடித்தாள். யாராவது வீட்டுக்கு வந்தால் அதைச் சத்து உருண்டை என்று சொன்னாள். ஒருத்தி அது எப்படிச் செய்வது என்றுகூடக் கேட்டுவிட்டுப் போனாள்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். கிணற்றடியில் மாமா கல்லில் உட்கார்ந்திருந்தார். அம்மா குடத்தைத் தூக்கும்போது தளும்பித் தண்ணீர் அவர் பாதத்தில் கொட்டியது. "தண்ணி குளுருதே" என்றார் மாமா.

அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த அப்பா அப்படியே நின்றார். நான் ஓடிப்போய் ஒரு கை தண்ணீர் அள்ளி மற்றப் பாதத்தில் விட்டேன். அதுவும் குளிர்கிறது என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. பசு தின்கிற தவிடு, போன காலைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டது. அதில் என்ன சத்து இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்கு விளக்கத் தெரியாது. நான் ஐந்தாம் கிளாஸோடு நின்றவன். ஆனால் அன்று தொட்டுப் பார்த்த அந்த ஈரப் பாதத்துக்கு மேல் பெரிய அதிசயம் எதையும் நான் அப்புறம் பார்க்கவில்லை.

எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம். மாமா மட்டும் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவிடம் தாழ்ந்த குரலில், "அத்தான், மலையிலயும் எல்லாருக்கும் இந்த வெள்ள அரிசிதான். நல்ல அரிசின்னு நான் நின்னு அளந்து போட்டிருக்கேன். காலு ஓடல கணக்கப்பிள்ளேன்னு சொன்னவங்கள, கள்ளத்தனம் பண்ணுகான்னு இந்தப் பிரம்பால அடிச்சிருக்கேன்" என்றார். அப்பா ஈரத் துண்டைப் பிழிய ஆரம்பித்தார். கால் சரியான அன்றைக்கு ஏன் எல்லாரும் இப்படி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் இன்னொரு கை தண்ணீர் அள்ளி விட்டேன்.

மறு வாரம் மாமா புறப்பட்டார். அப்பா மண்டிக்கு நெல் குத்துகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்து இரண்டு சாக்குத் தவிடு சேர்த்திருந்தார். இதை எதற்கு மலைக்கு ஏற்றுகிறீர்கள் என்று பஸ்காரன் கேலி செய்தான். மாமா சாக்குகளைத் தானே தூக்கி மேலே ஏற்றினார். பிரம்பை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டு ஓடினேன். அது வேண்டாம், வீட்டிலேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

பஸ் போன பிறகு நான் அம்மாவிடம், மாமாவுக்குத்தான் கால் சரியாகிவிட்டதே, இத்தனை தவிடு எதற்கு, அங்கே எத்தனை பசு இருக்கிறது என்று கேட்டேன்.

அம்மா பஸ் போன திசையைப் பார்த்தாள். "நெறைய உண்டு மக்கா. இருநூறு பசுவாவது இருக்கும்" என்றாள்.

ஒரு பசுவை வைத்துக்கொண்டே எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. இருநூறு பசுக்கள் பச்சைத் தேயிலைச் சரிவில் நின்று மாமாவை எதிர்பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்து நினைத்து, நான் வெகுநாள் மலைத்துப்போயிருந்தேன்.