மாயாண்டியின் கைக்கு மட்டும் படிந்த கார்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மானேஜரான பெரிய துரையின் காரை ஓட்டியவர் மாயாண்டி. 1949இலிருந்து பத்து வருஷம் ஓட்டினார். அந்தப் பத்தில் கடைசி ஆறு வருஷம் அவருக்கு முழுசாக ஒரு நாள் லீவு கிடைத்ததில்லை. இதைக் கேட்டதும் துரையைத் திட்டத் தோன்றும். நானும் வேண்டிய மட்டும் திட்டியிருக்கிறேன். ஆனால் பாதிக் குற்றம் மாயாண்டியுடையது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் அந்தத் தோட்டத்து ஆபீசில் இரண்டாவது கிளாக்கர். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, ஹட்டனில் படித்து, மேசைக்கு வந்தவன். என்னை எப்படிக் கூப்பிடுவது என்பதில் மாயாண்டிக்குக் கடைசிவரை ஒரு முடிவு கிடைக்கவில்லை. ஆபீசுக்குள் 'ஐயா' என்பார், வாசற்படி தாண்டினால் 'தம்பி' ஆகிவிடுவேன். நான் எங்கேயும் அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டேன்.

அந்தக் காரில் கியர்க் கம்பி தரையில் இருக்காது. ஸ்டியரிங் தண்டோடு ஒட்டி, வளையத்துக்குக் கீழே இடக்கைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதை மேலும் கீழும் தள்ளினால், தண்டின் அடியில் பானெட்டுக்குள் இருக்கும் இரண்டு கம்பிகள் போய் கியர்ப் பெட்டியை அசைக்கும். வாங்கிய புதிதில் சொகுசாகத்தான் இருந்தது. மலை ரோட்டில் நிமிஷத்துக்கு ஒரு வளைவு, வளைவுக்கு இரண்டு கியர். நாலு வருஷத்தில் அந்தக் கம்பிகள் வந்து சேரும் இடத்தில் இருந்த புஷ் வளையங்கள் இரண்டும் தேய்ந்துபோயின. ஒன்றாம் கியரிலிருந்து இரண்டுக்குத் தள்ளினால் இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு எதுவும் அசையாது. பானெட்டைத் திறந்து, கையை விட்டு, சிக்கை இழுத்து விட வேண்டும்.

அந்தச் சமயத்தில், 1953இல், புதுத் துரை வந்தார். பக்கத்துத் தோட்டங்களில் துரைமார் தாங்களே கார் ஓட்ட ஆரம்பித்திருந்தார்கள். இரண்டு டிரைவர்கள் வேலை போய், மலைக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டார்கள். அடுத்தது தன் முறை என்று மாயாண்டி பயந்தார். கார் கொட்டகைக்குப் பின்னால் அவருக்கு ஓர் அறை இருந்தது. சிமெந்துத் தரை, வாசலில் தண்ணீர்க் குழாய். மனைவி பேச்சியம்மாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் அங்கேதான். வேலை போனால் அறையும் போகும்.

அதனால் புஷ் தேய்ந்ததை அவர் துரையிடம் சொல்லவில்லை. ஸ்டோரில் உடைந்து கிடந்த தேயிலைப் பெட்டியின் விளிம்புத் தகரத்தை வெட்டி, மடித்து, புஷ் இருந்த இடத்தில் செருகினார். கம்பி இறுகிக்கொண்டது. ஆனால் அதை நகத்தளவு மேலே தூக்கி, லேசாகத் தன் பக்கம் முறுக்கி, பிறகுதான் தள்ள வேண்டும். நேராகத் தள்ளினால் சிக்கிவிடும். தூக்குகிற அந்த நகத்தளவு மாயாண்டியின் கைக்கு மட்டும்தான் தெரியும்.

புதுத் துரை ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே ஓட்டிப் பார்த்தார். பங்களா வளைவிலேயே கார் நின்றுவிட்டது. லொறி டிரைவர் அழகுமுத்துவும் ஒரு தடவை முயன்று, அசிங்கமாகத் திட்டிவிட்டு இறங்கினார். பழைய கார், கைக்குப் பழக வேண்டும் தொரை என்று மாயாண்டி பணிவாகச் சொன்னார். துரையும் நம்பினார். அன்று பேச்சியம்மா பாயாசம் வைத்ததாகக் கேள்வி.

அதோடு மாட்டிக்கொண்டார். துரைக்கு ஹட்டன் போக வேண்டுமென்றால் மாயாண்டி, தேநீர் விருந்துக்கு மாயாண்டி, காய்ச்சலில் கிடந்தாலும் மாயாண்டி. பொகவந்தலாவையில் அவருடைய அக்கா செத்த அன்று துரை கண்டிக்குப் போக வேண்டியிருந்தது. மாயாண்டி மூன்றாம் நாள்தான் போய்ச் சேர்ந்தார். சாம்பலைக்கூடக் கரைத்துவிட்டார்கள். திரும்பி வந்து காரைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் துக்கம் விசாரித்தேன். இடது தோள்பட்டை வலிக்கிறது என்று மட்டும் சொன்னார்.

1959 மாசியில் அந்தக் கடிதம் வந்தது. நாற்பத்தெட்டில் வந்த சட்டம், இந்தியாவிலிருந்து வந்த எங்கள் தோட்டத்துச் சனத்தை எந்த நாட்டுக்கும் ஆகாதவர்களாக்கியிருந்தது. பிரஜாவுரிமை வேண்டுமென்றால் மனுப் போட வேண்டும். மாயாண்டி ஐம்பத்தொன்றில் போட்டிருந்தார். எட்டு வருஷம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வரும் வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன், காலை ஒன்பது மணி, நுவரெலியாவில், குடும்பத்தோடு நேரில் வர வேண்டும். வராவிட்டால் மனு தள்ளுபடி.

அதே வியாழக்கிழமை துரைக்குக் கண்டியில் கூட்டம். அவர் ஹட்டன் பக்கம் இறங்க வேண்டும், இவர் நுவரெலியாப் பக்கம் ஏற வேண்டும். நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். வேறு திகதி கேட்டு எழுதிப் போடு, அவன் இல்லாமல் அந்தக் கார் நகராது என்றார் துரை. எழுதிப் போட்டேன். ஐந்து நாளாகியும் பதில் இல்லை.

ஆறாம் நாள் மாயாண்டி என்னை ஆபீசுக்குப் பின்னால் கூப்பிட்டுத் தகரக் கதையைச் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆறு வருஷமாக உங்கள் தலையில் நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டீர்களே என்று கத்திவிட்டேன்.

"நா இல்லேன்னா கார் இல்லேன்னு வச்சிக்கிட்டேன் தம்பி. இப்ப கார் இல்லேன்னா நா இல்லேன்னு ஆயிருச்சி," என்றார்.

துரையிடம் உண்மையைச் சொன்னால் ஏமாற்றியதற்காக அன்றைக்கே வெளியே போக வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை டயரைக் காட்டப் போவதாகச் சொல்லிவிட்டுத் தலவாக்கலையில் மெக்கானிக் மர்சூக் நானாவின் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். மர்சூக் நானா காருக்கடியில் படுத்து, மடிந்து கறுத்துப்போன தகரத்தை இழுத்து வெளியே போட்டார். இரண்டு புஷ்ஷைக் கடைசல் பிடித்து மாட்ட அவருக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. இந்த அற்ப வேலைக்கா ஆறு வருஷம் கையை ஒடித்துக்கொண்டாய் என்று சிரித்தார். மாயாண்டி சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது கம்பி ஒற்றை விரலுக்கு அசைந்தது. அவர் கை மட்டும் பழக்கத்தில் ஒவ்வொரு தடவையும் தூக்கி முறுக்கிக்கொண்டே வந்தது.

அழகுமுத்து கைக்கும் கார் பழகிவிட்டது, அவர் ஓட்டுவார் என்று துரையிடம் சொன்னேன். முற்றத்தில் ஓட்டிக் காட்டியதும் துரை ஒத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை அழகுமுத்து துரையைக் கண்டிக்குக் கொண்டுபோனார். மாயாண்டி முதல் பஸ்ஸில் பேச்சியம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, தோட்டத்துக் கடிதம், பிறப்புத் துண்டு, பழைய ரேஷன் புத்தகம் எல்லாவற்றையும் துணியில் சுற்றிக்கொண்டு நுவரெலியா போனார். காலையிலிருந்து நாலு மணிவரை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். வரிசை இவர்கள்வரை வரவில்லை. இன்னொரு திகதி வரும் என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்று மாலை அவர்கள் பஸ்ஸைவிட்டு இறங்கி மேலே நடந்து வந்தபோது துரையின் கார் அவர்களைத் தாண்டிப் போனது. ஓட்டியவர் துரை. அழகுமுத்து பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழியில் நாவலப்பிட்டியில் துரை ஆசைக்கு ஓட்டிப் பார்த்தாராம். கியர் அவ்வளவு லேசாக விழவே, அதற்குப் பிறகு ஸ்டியரிங்கை விடவில்லையாம்.

திங்கட்கிழமை துரை என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் சொன்னார். மாத முடிவோடு கார் டிரைவர் தேவையில்லை. கழுவித் துடைப்பதை அழகுமுத்து பார்த்துக்கொள்வான். மாயாண்டி தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக்குப் போகட்டும். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. என் வேலையும் அந்த மேசையில்தான் இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாயாண்டி கொட்டகைச் சாவியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கீழ் லயத்தில் கடைசிக் காம்பிரா, ஒற்றை அறை, காலியாக இருந்தது. பேச்சியம்மா இரண்டு நடையில் சாமானைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். நாற்பத்தாறு வயதில் மாயாண்டி கவ்வாத்துக் கத்தியைப் பிடித்தார். ஆறு வருஷமாக வளைந்து கிடந்த தோள் அந்த வெட்டுக்கு ஒத்துழைக்கவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையின் கடைசியில் நிற்பார். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு எப்போதும் அவரைத்தான் விரட்டுவார்.

அடுத்த வருஷம் இரண்டாவது கடிதம் வந்தது. லீவுத் துண்டை எழுதித் துரையிடம் நீட்டினேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் கையெழுத்துப் போட்டார். ஜன்னலுக்கு வெளியே மாயாண்டி தொப்பலாக நனைந்து நின்றார்.

"தொரை ஒண்ணும் கேக்கலீங்களா ஐயா?"

"இல்லண்ணே."

"யாரு போறான்னாவது?"

"பேரைக்கூடப் பாக்கல."

அவர் துண்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். இந்த ஒரு துண்டுக்காகத்தான் அந்த மனிதர் அறையையும் கை வித்தையையும் விட்டுக்கொடுத்தார். மலையில் வேலை செய்கிறவனாக இருந்திருந்தால் ஆரம்பத்திலேயே ஒரு நாள் சம்பளம் போகிற பேர் வெட்டோடு முடிந்திருக்கும்.

இந்தத் தடவை விசாரணை நடந்தது. பத்து நிமிஷம் கேள்வி கேட்டார்களாம். அறுபத்தொன்றில், மழைக்காலத்தில், பிரஜாவுரிமைப் பத்திரம் வந்தது. தபால் பையில் அதைப் பார்த்ததும் நான் வேலையைப் போட்டுவிட்டு நானே லயத்துக்கு இறங்கினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். காம்பிரா வாசலில் நின்று சத்தமாக வாசித்தேன். மாயாண்டியின் பேர், பேச்சியம்மாவின் பேர், பிள்ளைகளின் பேர். மாயாண்டி சுவரில் சாய்ந்து, வலக்கையால் இடது தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

பேச்சியம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள்.

"அப்ப இனிமே நம்மள யாரும் போன்னு சொல்ல முடியாதுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாயாண்டி பதில் சொன்னார்.

"நாட்ட விட்டுப் போன்னு சொல்ல முடியாது."

அவள் அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு உள்ளே போய், கூரை ஒழுகிய இடத்தில் நிரம்பிவிட்ட சட்டியை எடுத்து வெளியே ஊற்றினாள்.