நீலத் தொட்டியும் கல்தளமும்

புது பிளாஸ்டிக்கின் வாடை அடித்தால் இன்றைக்கும் மூக்கைப் பொத்திக்கொள்வேன். தேவர்சோலையில் அப்பா காவல் பார்த்த பங்களாவின் பின்சரிவில், தகரச் சுவர் வைத்த நீச்சல் தொட்டி ஒன்றைப் பாதி மண்ணுக்குள் இறக்கி, உள்ளே நீலத் தாள் விரித்த பங்குனியில்தான் அந்த வாடை என் மூக்கில் ஏறியது.

கோயம்புத்தூர் ஆட்கள் தொட்டியை நிறுத்தினார்கள். சுற்றிலும் கல்தளம் போடுவது அப்பாவின் வேலை. வெட்டிய மண்ணைத் தகரத்தை ஒட்டிக் கொட்டி, 'திமுசு'க் கட்டையால் இடித்து, மேலே கருங்கல் பலகைகளை அவர் பதிக்க, அம்மா கலவை சுமந்தாள். விருந்தாளிகள் நாற்காலி போட்டு உட்காரும் இடமாயிற்றே, கல் அசையக் கூடாதென்று ஒவ்வொரு கல்லின் மேலும் என்னை ஏறிக் குதிக்கச் சொல்லிப் பார்த்தார் அப்பா. என்னத்தைச் சொல்ல, மூன்று பேரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

ஆட்கள் கிளம்பிய அன்று அப்பா சிமெண்ட் வாங்கக் கூடலூர் போயிருந்தார். அவர்களில் மூத்த ஃபிட்டர், மீந்த நீலத் தாளில் ஒரு துண்டை வெட்டி என்னிடம் தந்துவிட்டு, ஜீப்பில் கால் வைத்தபடியே சொன்னார்: "பாப்பா, அப்பாகிட்ட மறக்காமச் சொல்லிரு. தொட்டிய எப்பவுமே முழுசாக் காலி பண்ணக் கூடாது. உள்ள நிக்கிற தண்ணிதான் தகரத்தத் தாங்குது. இல்லீனா சுத்தியிருக்கிற மண்ணு உள்ள தள்ளிரும்."

சரிங்க என்று தலையாட்டினேன். அந்தத் துண்டை மழைக்குத் தலையில் போடும் 'கொங்காடை'யாக மடித்துப் பார்க்கும் ஆசையில், பாவி, அடுத்த நிமிடமே மறந்துபோனேன்.

ஆனி மழை பிடிக்கும் முன்னே தண்ணீர்த் தொட்டிகளைக் காலி செய்து தேய்த்துக் கழுவிவிடுவது எஸ்டேட் வழக்கம். இளவயதிலிருந்து அதைச் செய்துவந்த அப்பாவுக்கு இதுவும் ஒரு தொட்டிதான். அந்த வருஷம் மழை முந்திக்கொண்டு இரண்டு நாள் கொட்டியது. மூன்றாம் நாள் காலை வெறித்ததும், இனியும் தள்ளிப்போட வேண்டாமென்று அவர் தண்ணீரைத் திறந்துவிட, அம்மா 'சீமாறை' எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினாள். வழுக்கும், பார்த்து என்று அப்பா சொன்னதற்கு, "ஏனுங்க, எனக்குத் தெரியாதுங்களா" என்று சிரித்தாள். பிறகு தகரம் மடங்கும் சத்தம் கேட்டது. நான் குதித்துப் பார்த்த கற்கள் ஈர மண்ணோடு அவள் மேல் சரிந்தன. மண்ணை அள்ளி அவளை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

தண்ணீர் நின்றிருந்தால் தகரம் சாய்ந்திருக்காது என்று, பார்க்க வந்த என்ஜினீயர் சொன்னார். "எங்கிட்ட ஆருமே சொல்லலீங்களே" என்றார் அப்பா. நான் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

இன்று அந்த இடத்தில் தொட்டியும் இல்லை, தளமும் இல்லை. பள்ளத்தை மூடித் தேயிலை நட்டுவிட்டார்கள். கொங்காடையை அன்றைக்கே நான் அடுப்பில் போட்டுவிட்டேன். அப்பா என்னோடு குன்னூரில் இருக்கிறார்; வீட்டில் ஒரு குடம் காலியாக இருந்தாலும் பொறுக்க மாட்டார், தடுமாறி எழுந்துபோய் நிரப்பிவிட்டுத்தான் உட்காருவார். மழை பெய்தால், அன்றைக்கு ஒருவராவது சொல்லியிருந்தால் என்று தொடங்குவார். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.