கர்ஃபியூ என்றால் நெருப்பை மூடு

கெலிஓயாவில் பெரியவர்களுக்கு நான் நடத்தும் ஆங்கில வகுப்பில் இன்று ஒரு புது மாணவர். எங்கள் பழைய பக்கத்துக் கடை ஹாட்வெயார் முதலாளி. என்னைக் கண்டதும் சிரித்தார்.

கலவரத்தில் வாப்பாவின் புடவைக்கடை எரிந்தபோது, தண்ணீர்க் குழாய் கேட்டு அவருடைய ஷட்டரைத் தட்டியவள் நான். கடை நிறையக் குழாய் வைத்திருந்தவர், “கர்ஃபியூ மகள், திறக்க ஏலாது” என்று உள்ளே இருந்தபடியே சொன்னார்.

பலகையில் அந்தச் சொல்லையே எழுதினேன்.

“அர்த்தம் சொல்லுங்க, முதலாளி.”

“வெளிய போகக் கூடாது, டீச்சர்.”

“அது இப்பத்தய அர்த்தம். பழைய பிரெஞ்சில இருந்து வந்த சொல் இது. ‘நெருப்பை மூடு’ என்டு அர்த்தம். ஊர் எரியாம இருக்க, மணி அடிச்சதும் எல்லாரும் அடுப்பு நெருப்ப மூடணும்.”

அவர் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உதாரண வாக்கியமும் ஆங்கிலத்தில் எழுதினேன்: ‘கர்ஃபியூ நேரத்தில் என்னிடம் தண்ணீர்க் குழாய் இருந்தது.’

அவரை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னேன், மூன்று தரம். உச்சரிப்பு சரியில்லை என்று நாலாவது தரமும்.

கர்ஃபியூவை வைத்து உங்களிடமும் ஒரு வாக்கியம் இருக்குமே? கீழே கமெண்டில் எழுதுங்கள். வகுப்பு ஆறு மாதம் நடக்கும். எல்லாவற்றையும் அவரே வாசிப்பார்.